பிளேடா, பிழை பொறுக்கும் அயர்னா? முதல் செட் வாங்கப் போகிறவர்களுக்கு

கோல்ஃப் விதிப்படி பையில் 14 கிளப்புகள்வரை வைத்துக்கொள்ளலாம். அதில் ஏறக்குறைய பாதி அயர்ன்கள், அதாவது எஃகுத் தலையும் எண்ணும் உள்ள கிளப்புகள். இரவல் செட்டில் ஆடிப் பழகி, சரி, இனி சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று கிளம்புகிற எல்லோருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் கையில் பார்த்த மெல்லிய, பளபளக்கும் பிளேடை வாங்குவதா? முதுகு குடைந்து, அடிப்பாகம் தடித்து, கொஞ்சம் குண்டாகத் தெரியும் கேவிட்டி பேக்கை வாங்குவதா?

ஆட்டத்திறனைக் காட்டும் ஹேண்டிகேப் எண்ணில் (குறைவாக இருந்தால் திறமை அதிகம்) ஒரு கோடு கிழித்து, இதற்குக் கீழே இருந்தால் பிளேடு, மேலே இருந்தால் கேவிட்டி என்று சொல்கிறவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹேண்டிகேப் என்பது முதல் நீண்ட அடிக்கான டிரைவர், கிட்டத்திலிருந்து தூக்கிப் போடும் சிப்பிங், குழிக்குள் உருட்டும் பட்டிங் எல்லாம் சேர்ந்த கணக்கு. பட்டிங்கில் சொதப்பி 15-இல் நிற்பவர் அயர்னைப் பிரமாதமாக அடிக்கலாம். குழி இருக்கும் கிரீனைச் சுற்றிக் காட்டும் சாமர்த்தியத்தால் 7-க்கு வந்தவர் நீளமான 5 அயர்னை எடுக்கவே பயப்படலாம். நல்ல அடி எந்த அயர்னிலும் நன்றாகத்தான் போகும். சுமாரான அடி எங்கே போய் விழுகிறது என்பதை வைத்துத்தான் அயர்னைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே வரும் எல்லா வேலையும் அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான்.

முதலில், இரண்டுக்கும் என்ன வித்தியாசம்

பிளேடு என்பது ஒரே கெட்டித் துண்டு எஃகு. மஸில் பேக் என்றும் சொல்வார்கள். தலை சிறியது, சோல் எனப்படும் அடிப்பாகம் ஒடுங்கியது, மேலிருந்து பார்த்தால் தெரியும் விளிம்பும் மெல்லியது. எடை நடுவில் குவிந்திருக்கும். கேவிட்டி பேக்கில் முதுகுப்பக்க எஃகைக் குடைந்து எடுத்து, அந்த எடையைச் சுற்றிலும் ஓரங்களுக்குத் தள்ளியிருப்பார்கள். இந்த யோசனையைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் கார்ஸ்டன் சோல்ஹைம். ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்தவர். தன் பட்டிங் சரியில்லை என்று 1959-இல் எடையை இரு முனைகளிலும் வைத்து ஒரு பட்டர் செய்தார். பந்தைத் தட்டும்போது எழும் ஓசையையே பெயராக வைத்துத் தொடங்கிய நிறுவனம்தான் பிங். அதே கணக்கை அயர்னுக்குக் கொண்டுபோய் அவர்கள் 1982-இல் வெளியிட்ட ஐ2 அயர்ன்தான் கேவிட்டி பேக்கைப் பரவலாக்கியது.

எடை ஓரத்துக்குப் போவதால் என்ன நன்மை? கழைக்கூத்தாடி கயிற்றில் நடக்கும்போது கையில் நீளமான கம்பு வைத்திருப்பார் அல்லவா, அதே கணக்கு. எடை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது சட்டென்று திரும்பாது. பந்தும் கிளப்பின் முகமும் தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய அரை மில்லிசெகண்ட்தான். அந்த நேரத்துக்குள் பந்து முகத்தின் ஓரத்தில் பட்டால் தலை திருகப் பார்க்கும். பிளேடின் தலை அதிகமாகத் திருகும். பந்தின் வேகமும் போகும், திசையும் போகும். கேவிட்டியில் அந்த இழப்பு குறைவு. பந்து பட வேண்டிய சரியான இடமான ஸ்வீட் ஸ்பாட் பெரிது என்று விளம்பரத்தில் எழுதியிருப்பார்கள். உண்மையில் ஸ்வீட் ஸ்பாட் எந்த அயர்னிலும் ஒரு புள்ளிதான். அதைவிட்டு விலகினால் கட்ட வேண்டிய அபராதம்தான் மாறுகிறது.

இன்னொரு வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. பிளேடில் ஈர்ப்பு மையம் சற்று உயரத்தில், தண்டு (ஷாஃப்ட்) செருகும் ஹோசலுக்கு அருகில் இருக்கும். பிழை பொறுக்கும் அயர்ன்களில் அது தாழ்ந்து, முகத்தின் நடுவுக்கு வந்திருக்கும். புதியவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு பந்தை முகத்தின் கீழ்ப்பகுதியில், அடியிலிருக்கும் இரண்டு மூன்று கோடுகளில் வாங்குவது. தாழ்ந்த மையம் உள்ள அயர்னில் அந்த அடி ஓரளவு எழும்பிப் போய்ச் சேர்ந்துவிடும். பிளேடில் அதே அடி தாழப் பறந்து, கை முழுக்க அதிர்ந்து, கிரீனுக்கு முன்னாலிருக்கும் மணல் குழியான பங்கரில் போய் உட்காரும்.

இந்த இரண்டுக்கும் நடுவே வேறு வகைகளும் உண்டு. தலை சிறிதாகவே இருந்து, முதுகு மட்டும் கொஞ்சம் குடைந்தவை பிளேயர்ஸ் கேவிட்டி. வெளியே பார்த்தால் பிளேடு மாதிரி இருந்து, உள்ளே வெற்றிடம் வைத்து, மெல்லிய முகத்தால் பந்தை வேகமாகத் தள்ளுபவை பிளேயர்ஸ் டிஸ்டன்ஸ். டெய்லர்மேடின் பி790 இந்த வகைதான். அப்புறம் கேம் இம்ப்ரூவ்மென்ட், அதையும்விடத் தடித்த சூப்பர் கேம் இம்ப்ரூவ்மென்ட். எனவே கேள்வி பிளேடா கேவிட்டியா என்பதோடு முடிவதில்லை. இந்த வரிசையில் எந்த இடத்தில் நிற்பது என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது.

உங்கள் அடி முகத்தில் எங்கே விழுகிறது என்று பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. இப்போது கையில் இருக்கும் 7 அயர்னே போதும். பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரே ஒரு டப்பா வாங்கிக்கொள்ளுங்கள். கிளப் முகத்தைத் துடைத்து, ஒரு சாண் தூரத்திலிருந்து லேசாக அடித்தால் வெள்ளையாக ஒரு படலம் படியும். ஒரு பந்தை அடியுங்கள். பந்து பட்ட இடத்தில் வெள்ளை அழிந்து, பந்தின் பள்ளங்கள் அச்சாகப் பதிந்து, வட்டமாக ஒரு தடம் தெரியும். அதைக் கைப்பேசியில் படமெடுத்துவிட்டுத் துடைத்துவிட்டு அடுத்த பந்து. துடைக்காமல் அடித்துக்கொண்டே போனால் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து எதுவும் புரியாது.

பதினைந்து இருபது பந்துகள் அடித்தால் ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும். முதலில் அடிக்கும் ஐந்தாறை விட்டுவிடலாம். உடம்பு சூடாகாத அடிகள் அவை. ஒரே நாளில் முடிவு கட்டவும் வேண்டாம். நன்றாக ஆடிய நாளிலும் மனம் நொந்த நாளிலும் ஒருமுறை செய்து பாருங்கள்.

இப்போது அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். தடங்கள் எல்லாம் ஒரு நாணயத்தைச் சுற்றி அடங்கிவிடுகின்றன என்றால் உங்கள் கை நன்றாக இருக்கிறது. எந்த அயர்னையும் தைரியமாகப் பரிசீலிக்கலாம். தடங்கள் கிடைமட்டமாகச் சிதறியிருந்தால், அதாவது சில டோ எனப்படும் நுனிப்பக்கம், சில தண்டை ஒட்டிய ஹீல் பக்கம், பொறுமையான தலை வேண்டும். கீழ்க்கோடுகளிலேயே விழுந்துகொண்டிருந்தால் ஈர்ப்பு மையம் தாழ்ந்த அயர்ன் வேண்டும்.

எல்லாத் தடங்களும் நெருக்கமாக, ஆனால் ஒரே பக்கத்தில், சொல்லப்போனால் எப்போதும் டோ பக்கமே விழுகின்றனவா? அப்படியென்றால் கிளப்பின் நீளமோ, பந்திலிருந்து நிற்கும் தூரமோ காரணமாக இருக்கலாம். அடி திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகிறது, இடம்தான் தப்பு. அதை ஒரு பயிற்சியாளர் ஓரிரு வகுப்பில் சரிசெய்துவிடுவார். அதற்காகக் குண்டான அயர்ன் வாங்க வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டை எந்த ஹேண்டிகேப் எண்ணும் சொல்லாது.

இதையே 5 அயர்னிலும் 9 அயர்னிலும் ஒருமுறை செய்து பாருங்கள். 9-இல் நெருக்கமாக இருந்த தடங்கள் 5-இல் பரவிப்போகும், கிட்டத்தட்ட எல்லோருக்கும். இந்த வித்தியாசம் பின்னால் உதவும்.

தரையோடு உங்கள் கிளப் எப்படிப் பழகுகிறது

முகத்தில் படும் இடம் ஒரு பாதி. சோல் தரையைத் தொடுவது மறுபாதி. பந்துக்கு முன்பே தரையைத் தொட்டு, மண்ணை அள்ளிக்கொண்டு போகிற அடிதான் உங்கள் வழக்கமான தவறு என்றால், பிளேடின் ஒடுங்கிய சோல் மண்ணுக்குள் இறங்கி அங்கேயே நின்றுவிடும். அகலமான சோல் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எப்படியோ அனுப்பிவிடும். ஓரமாகப் பட்ட அடியைக் காப்பாற்றுவதைவிட இதுதான் புதியவருக்கு அதிகம் உதவுகிறது என்பது என் எண்ணம். ஏனோ விளம்பரங்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை.

ஆனால் அகலமான சோல் எல்லா இடத்திலும் நல்லதல்ல. நீங்கள் ஆடும் மைதானம் கெட்டித்தரை, புல் ஒட்ட வெட்டியது என்றால், தடித்த சோல் தரையில் பட்டு எகிறி, முன்விளிம்பு பந்தின் வயிற்றில் போய் இடிக்கலாம். நீளமான புல்லிலும் ஒடுங்கிய சோல் சுலபமாக அறுத்துக்கொண்டு போகும். அடித்த இடத்தில் தரை பெயர்ந்த தடமான டிவட்டைக் கவனியுங்கள். ஆழமாகக் குழி விழுகிறதா, புல்லின் மேல்தோலை மட்டும் சீவிக்கொண்டு போகிறதா? ஆழமாகத் தோண்டுகிறவருக்கு அகலம் வேண்டும். சீவிவிட்டுப் போகிறவருக்கு நடுத்தர அகலம் போதும்.

இதைப் பார்க்க வேண்டிய இடம் புல்தரை. பயிற்சி ரேஞ்சில் விரித்திருக்கும் செயற்கைப் புல்விரிப்பு நம்மை ஏமாற்றும். மண்ணை அள்ளியிருக்க வேண்டிய அடியில்கூட கிளப் அதன்மேல் வழுக்கிப் போய்ப் பந்தை அழகாக அடித்துவிடும். விரிப்பின்மேல் மட்டுமே அடித்துப் பார்த்துவிட்டு பிளேடு வாங்கினவர்களின் முகத்தை மைதானத்தில் முதல் மூன்று ஹோலுக்குள் பார்த்துவிடலாம்.

எண்ணைப் பார்க்காதீர்கள், லாஃப்டைப் பாருங்கள்

கடையில் இரண்டு 7 அயர்ன்களைக் கையில் கொடுப்பார்கள். ஒன்று பிளேடு, ஒன்று கேம் இம்ப்ரூவ்மென்ட். இரண்டாவதில் பந்து ஒன்றரை கிளப் அதிக தூரம் போகும். நமக்கும் குஷியாகிவிடும். விஷயம் என்னவென்றால், இரண்டும் ஒரே கிளப்பே அல்ல. டைட்லிஸ்ட் 620 எம்பி என்ற பிளேடில் 7 அயர்னின் லாஃப்ட், அதாவது முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், 35 டிகிரி. பிங் ஜி430-இல் 7 அயர்ன் 29 டிகிரி. அதாவது இந்த 7 அயர்ன் அந்த பிளேடு செட்டின் 5-க்கும் (27 டிகிரி) 6-க்கும் (31 டிகிரி) நடுவில் நிற்கிறது. அடியில் பொறித்த எண் மட்டும்தான் 7.

இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. ஈர்ப்பு மையம் தாழ்ந்த தலையில் பந்து தானாகவே உயரமாக எழும்பும். அந்த உயரத்தை அடக்க லாஃப்டைக் குறைத்திருக்கிறார்கள். ஆனால் ஒப்பிடும்போது நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். 29 டிகிரி 7 அயர்னோடு 31 டிகிரி 6 அயர்னை வைத்துப் பார்ப்பது நியாயம். எண்ணுக்கு எண் வைத்துப் பார்த்தால் பிளேடுக்கு அநியாயம் செய்வதாகும்.

லாஃப்ட் குறைந்த செட்டுக்கு ஒரு பின்விளைவும் உண்டு. ஜி430-இன் பிட்சிங் வெட்ஜ், அதாவது 9 அயர்னுக்கு அடுத்த குறுந்தூரக் கிளப், 41 டிகிரி. உங்கள் பையில் அடுத்ததாக 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் இருந்தால் நடுவில் 15 டிகிரி இடைவெளி. அதை நிரப்ப இரண்டு வெட்ஜ் தேவைப்படும். 620 எம்பி செட்டில் பிட்சிங் வெட்ஜ் 47 டிகிரி; நடுவில் ஒன்று வைத்தால் போதும். எந்த செட்டை வாங்கினாலும் பையின் கடைசிக் கிளப்வரை ஒரு காகிதத்தில் லாஃப்ட்களை எழுதிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நாலைந்து டிகிரி இடைவெளியில் வரிசை போனால் சரி.

லாஞ்ச் மானிட்டர் முன்னால் நிற்கும்போது

பந்தின் வேகம், தூரம், கோணம் எல்லாம் அளக்கும் கருவிதான் லாஞ்ச் மானிட்டர். அதன் முன்னால் இரண்டு மூன்று வகைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஷாஃப்டில், ஒரே மாதிரி பந்தில், ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு அடி அடித்துப் பாருங்கள். ஒரு கிளப்பில் பத்தும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டாம். மாற்றி மாற்றி அடியுங்கள். இல்லாவிட்டால் கடைசியாக எடுத்த கிளப், நன்றாகச் சூடான கைக்கோ களைத்துப்போன கைக்கோ மாட்டிக்கொள்ளும்.

திரையில் பெரிய எழுத்தில் மின்னுவது அதிகபட்ச தூரம். அதை மறந்துவிடுங்கள். விற்பவர்கள் அதைத்தான் காட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அதுதானே விற்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது கேரி, அதாவது பந்து காற்றில் பறந்து முதலில் தரை தொடும் தூரம். அதிலும் சராசரியை விட்டுவிட்டு, ஒவ்வொரு கிளப்பிலும் உங்கள் மோசமான மூன்று அடிகளைத் தனியே எடுத்து வையுங்கள். நல்ல அடிக்கும் இந்த மூன்றுக்கும் எத்தனை கஜம் வித்தியாசம்? எவ்வளவு இடப்புறம் வலப்புறம் விலகியிருக்கின்றன? பிளேடில் இந்த வித்தியாசம் 25 கஜம், கேவிட்டியில் 12 கஜம் என்று வந்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தால், பிடித்ததை வாங்கலாம். தடுக்க யாருக்கும் காரணமில்லை.

அடுத்து, பந்து இறங்கும் கோணம். கிரீனில் விழுந்த பந்து நிற்க வேண்டும் அல்லவா? 7 அயர்ன் 45 டிகிரியை ஒட்டியாவது இறங்கினால்தான் நிற்கும். அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் ஆடுபவர்களின் 7 அயர்ன் சுமார் 170 கஜம் போய், நிமிடத்துக்கு 7,000 சுற்று ஸ்பின்னோடு, 50 டிகிரியில் இறங்குகிறது. அவர்கள் வேகம் நமக்கு இல்லை. மெதுவாகச் சுழற்றுகிறவருக்கு உயரம் கிடைக்க கிளப்தான் உதவ வேண்டும். இங்கே ஒரு சிக்கல் வரும். லாஃப்ட் மிகக் குறைந்த டிஸ்டன்ஸ் அயர்ன்களைச் சிலர் அடிக்கும்போது ஸ்பின் குறைந்து, பந்து தட்டையாக இறங்கி, கிரீனைத் தாண்டி ஓடிவிடும். தூரம் கூடியிருக்கும், கிரீனில் நிற்கும் பந்து குறைந்திருக்கும். பிழை பொறுக்கும் அயர்ன் என்று வாங்கி இப்படி மாட்டிக்கொள்வதும் உண்டு. அதனால் அந்த வகைக்குள்ளேயே லாஃப்ட் கொஞ்சம் அதிகமுள்ள ஒன்றையும் சேர்த்து அடித்துப் பாருங்கள்.

பிளேடு உண்மையில் என்ன கொடுக்கிறது

பிளேடு ஆசையை நான் கேலி செய்ய மாட்டேன். காரணமில்லாமல் யாரும் அதை வைத்துக்கொள்வதில்லை. கெட்டியான எஃகு முகத்தில் திடீரென்று ஒரு பந்து மட்டும் பத்து கஜம் அதிகமாகப் பறந்துவிடும் என்ற பயம் குறைவு. மெல்லிய முகமுள்ள சில அயர்ன்களில் அது நடக்கும். நன்றாக அடிப்பவருக்குப் பந்தைத் தாழ்த்தவும் உயர்த்தவும் வளைக்கவும் பிளேடு சட்டென்று வசப்படும். முகம் தண்டுக்குச் சற்றுப் பின்தள்ளி அமையும் ஆஃப்செட் கிட்டத்தட்ட இருக்காது என்பதால், கீழே பார்க்கும்போது முன்விளிம்பு நேராகத் தெரியும். அது சிலருக்கு மனத்தெளிவு தரும். அந்தத் தெளிவுக்கும் மதிப்புண்டு.

ஆனால் இரண்டு வாதங்களை மட்டும் நான் ஏற்பதில்லை. முதலாவது, பிளேடு வைத்து ஆடினால் அடி தானாகத் திருந்தும் என்பது. தவறாக அடித்தால் கை வலிக்கும், அவ்வளவுதான். எதனால் தவறியது என்று கை சொல்லாது. முகத்தில் எங்கே பட்டது என்று பவுடர் ஸ்ப்ரே அதைவிடத் தெளிவாகச் சொல்லும். ஆசை விடவில்லை என்றால் பழைய பிளேடு 7 அயர்ன் ஒன்றை மட்டும் தனியாக வாங்கி ரேஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு அது நல்ல துணை. ஸ்கோர்கார்டு கையில் இருக்கும் நாளில் வீட்டில் இருக்கட்டும்.

இரண்டாவது, நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் பிளேடுதான் வைத்திருக்கிறார்கள் என்பது. டைகர் உட்ஸ் 2019 மாஸ்டர்ஸை டெய்லர்மேட் பி7டிடபிள்யூ பிளேடுகளால் ஜெயித்தார், உண்மை. ஆனால் ஜோர்டன் ஸ்பீத் 2015 மாஸ்டர்ஸை ஜெயித்தபோது பையில் இருந்தது டைட்லிஸ்ட் ஏபி2, அது கேவிட்டி. புரூக்ஸ் கெப்கா 2017, 2018 இரண்டு யுஎஸ் ஓப்பனையும் எடுத்தது மிசுனோ ஜேபிஎக்ஸ் 900 டூர் என்ற கேவிட்டி அயர்னால். அவர்களே பிழைக்கு இடம் வைத்து ஆடும்போது நமக்கு என்ன வீராப்பு?

ஃபோர்ஜ் செய்தது, காஸ்ட் செய்தது (உருக்கி வார்த்தது) என்ற சர்ச்சையில் நேரம் செலவழிக்க வேண்டாம். மென்மையான கார்பன் எஃகை அடித்துச் செய்தது கைக்கு இதமாக இருக்கும் என்பார்கள். நாம் உணர்வதில் பெரும்பகுதி காதில் விழும் ஓசைதான். ஃபோர்ஜ் செய்த கேவிட்டிகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. நடைமுறையில் முக்கியமான ஒரே வேறுபாடு, மென்மையான எஃகை லை கோணத்துக்கும் (தண்டு தரையோடு அமையும் கோணம்) லாஃப்டுக்கும் வளைப்பது சுலபம் என்பதுதான்.

செட் முழுக்க ஒரே வகையாக இருக்க வேண்டுமா

வேண்டாம். முன்பு 5 அயர்னிலும் 9 அயர்னிலும் எடுத்த படங்களை இப்போது எடுத்துப் பாருங்கள். நீளமான அயர்னில்தான் அடி சிதறுகிறது. அங்கேதான் உதவி தேவை. 9 அயர்னிலும் பிட்சிங் வெட்ஜிலும் லாஃப்ட் அதிகம், ஷாஃப்ட் குட்டை, பந்து எப்படியும் எழும்பும். அங்கே பெரிய தலை கொடுக்கும் பலன் குறைவு. தூரத்தை அளந்து அடிப்பதுதான் முக்கியம். அதனால் 5, 6, 7 தடித்தவை, 8, 9, வெட்ஜ் மெலிந்தவை என்று கலந்து வாங்குவது அறிவுள்ள வழி. ரோரி மெக்ல்ராய் 2025 மாஸ்டர்ஸில் 5 முதல் 9 வரை தனக்கென்று செய்த பிளேடுகளும், 4 அயர்ன் மட்டும் உள்ளே வெற்றிடமுள்ள பி760-உம் வைத்திருந்தார். உலகின் மிகச்சிறந்த கைகளில் ஒன்றுக்கே 4 அயர்னில் கொஞ்சம் உதவி வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான நிறுவனங்கள் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று வகை வைத்திருக்கின்றன. அவற்றைக் கலந்தால் தோற்றம் பெரிதாக மாறாது. வகை மாறும் இடத்தில் மட்டும் லாஃப்ட் இடைவெளியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கேம் இம்ப்ரூவ்மென்ட் 7 அயர்ன் 29 டிகிரி, அடுத்து பிளேடு வகை 8 அயர்ன் 39 டிகிரி என்று மாட்டிக்கொண்டால் நடுவில் ஒரு கிளப்பே காணாமல் போய்விடும். 3, 4 அயர்ன்களைப் பொறுத்தவரை, எந்த வகையானாலும் வாங்காதீர்கள். அந்த இடத்துக்கு, பந்தைச் சுலபமாக எழுப்பும் தடித்த தலைக் கிளப்பான ஹைப்ரிட்.

அப்படியானால் யாருக்கு எது? தடங்கள் பரவலாக, பந்தைத் தொடும் முன்பே கிளப் மண்ணை அள்ளுகிறது என்றால் செட் முழுக்க கேம் இம்ப்ரூவ்மென்ட். பந்து வலப்பக்கமே வளைந்து போகும் வலக்கை ஆட்டக்காரருக்கு இந்த வகையின் ஆஃப்செட்டும் கைகொடுக்கும். முகம் மூடிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. எப்போதும் இடப்பக்கம் இழுப்பவர் ஆஃப்செட் குறைந்ததைத் தேட வேண்டும். 9 அயர்ன் தடங்கள் நெருக்கம், 5 அயர்ன் சிதறல் என்றால் கலப்பு செட், அல்லது முழுக்க பிளேயர்ஸ் கேவிட்டி. முழு பிளேடு செட் என்பது 5 அயர்ன் தடங்களும் நெருக்கமாக இருந்து, வாரத்தில் பல நாள் பயிற்சிக்கு நேரமும் இருப்பவருக்கு. இரண்டு வாரம் கிளப்பைத் தொடாவிட்டால் கை எப்படி இருக்கும் என்று ஒருமுறை நேர்மையாக யோசித்துவிட்டு வாங்குங்கள்.

ஷாஃப்டும் லை கோணமும்

தலையைப் பற்றி இவ்வளவு பேசினோம். ஷாஃப்ட் பொருந்தாவிட்டால் எல்லாம் வீண். வழக்கமான எஃகு ஷாஃப்ட்கள் ஏறக்குறைய 95 கிராமிலிருந்து 130 கிராம்வரை இருக்கின்றன. கிராஃபைட் அதைவிட லேசாகக் கிடைக்கும். பிளேடுகளோடு வழக்கமாக வருவது கனமான, விறைப்பான எஃகு. நிதானமாகச் சுழற்றும் ஒருவர் அந்த செட்டைக் கடையிலிருந்து அப்படியே எடுத்துப் போனால், 14-ஆவது ஹோலில் கை களைத்து அடி தடுமாற ஆரம்பிக்கும். குறை தலையில் என்று நினைப்பார். கடையில் பத்து அடிக்குப் பிறகு தெரியாத கனம் மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகு தெரியும். எடையைத் தேர்ந்தெடுக்கும்போது ஆட்டத்தின் கடைசிப் பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

லை கோணத்துக்கு ஒரு எளிய சோதனை. பந்தின்மேல் அழியும் மார்க்கரால் ஒரு தடித்த கோடு போட்டு, அந்தக் கோடு செங்குத்தாக கிளப் முகத்தைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். கோடு முகத்தில் அச்சாக விழும். நிமிர்ந்து நின்றால் லை சரி. வலக்கை ஆட்டக்காரரின் கிளப் முகத்தில் கோட்டின் மேல்முனை ஹீல் பக்கம் சாய்ந்திருந்தால் கிளப் அளவுக்கு மீறித் தட்டை, பந்து வலம் போகும். டோ பக்கம் சாய்ந்திருந்தால் அளவுக்கு மீறி நிமிர்ந்தது, பந்து இடம் போகும். எவ்வளவு வளைக்க வேண்டும் என்பதை ஃபிட்டிங் செய்பவரிடம் விட்டுவிடலாம். ஆனால் இந்தச் சோதனையைச் செய்யாமலே செட்டைக் கையில் கொடுத்தால், செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய செட் வாங்குவதானால்

அயர்ன்களைப் பொறுத்தவரை பழையது வாங்குவதில் தப்பே இல்லை. நாலைந்து வருடத்துக்கு முந்தைய கேவிட்டிக்கும் இந்த வருடத்து கேவிட்டிக்கும் நம் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. 9 அயர்னையும் பிட்சிங் வெட்ஜையும் முதலில் எடுத்துப் பாருங்கள். அதிகம் தேய்வது அவைதான். கோடுகளின் ஓரத்தை நகத்தால் தடவினால் இன்னும் கூர்மை தெரிய வேண்டும். எல்லா ஷாஃப்டும் ஒரே வகைதானா, ஒன்று மட்டும் மாற்றப்பட்டிருக்கிறதா என்று ஒட்டியிருக்கும் பட்டைகளைப் படியுங்கள். பழைய பிளேடு என்றால் லாஃப்டையும் லையையும் அளக்காமல் ஆட ஆரம்பிக்க வேண்டாம். மென்மையான எஃகு, வருடக்கணக்கில் தரையிலும் விரிப்பிலும் இடித்து ஓரிரு டிகிரி நகர்ந்திருக்கும். முந்தைய சொந்தக்காரர் தனக்கேற்ப வளைத்தும் இருப்பார். எவ்வளவு என்பது அவருக்கே நினைவிருக்காது.

செட் வீட்டுக்கு வந்ததும், ஒவ்வொரு கிளப்பிலும் உங்கள் கேரி எவ்வளவு என்று புதிதாக எழுதிக்கொள்ளுங்கள். பழைய எண்ணை நம்பி அடித்தால் பந்து கிரீனுக்குப் பின்னாலிருக்கும் புதரில்தான் கிடைக்கும். ஐந்தாறு ரவுண்ட் ஆடிய பிறகு பவுடர் ஸ்ப்ரேயை மறுபடி எடுத்து, பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தடங்கள் நெருங்கியிருந்தால் அடுத்த முறை செட் மாற்றும்போது வரிசையில் ஒரு படி மெலிந்ததை யோசிக்கலாம். அதற்கு முன்னால் அவசரம் எதுவும் இல்லை.